வால்டர் எழுதிய ஒரு பக்கச் சட்டம்

1. மூன்று பேர் திரும்பிய வாசல்

எனக்கு முன்னம் மூன்று பேர் அந்த வீட்டுக்குப் போய், வேலை செய்யாமலே திரும்பி வந்திருந்தார்கள். முதலில் போனவர் மணியை அடித்துக் களைத்துப் போனார். இரண்டாவது ஆளுக்குக் கதவுச் சங்கிலிக்குப் பின்னாலிருந்து 'வேண்டாம்' என்று ஒற்றைச் சொல் கிடைத்தது. மூன்றாவதாகப் போன, தூரிட் என்ற எங்கள் சக ஊழியைக்கு அரைமணி நேரம் அரசாங்கத்தைப் பற்றிய பிரசங்கம் கிடைத்தது. அவர் அலுவலகத்துக்கு வந்து, "அந்த அமெரிக்கனை நீங்களே பாருங்கோ" என்று வேலைத்தாளை மேசையில் போட்டார்.

நான் ஒஸ்லோவின் கிழக்குப் புறத்தில் நகரசபையின் வீட்டுப் பராமரிப்புச் சேவையில் உதவித் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவன். நோயாளிகளின் வீடுகளுக்கே போய்க் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, சாப்பாடு தீத்திவிடுகிற வேலை. இப்போது அதே வேலைக்கு எங்கள் பிள்ளைகள் பலர் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இது இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு, அமெரிக்கா என்று சொன்னாலே ஒஸ்லோவில் ஆட்கள் முகத்தைச் சுளித்த காலத்தில் நடந்தது.

வால்டருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. நெப்ராஸ்காவில் விவசாயி வீட்டில் பிறந்து, எண்ணெய்க் கம்பனி எஞ்சினியராக நோர்வேக்கு வந்து, சோல்வெய்க் என்ற நோர்வேஜியப் பெண்ணைக் கட்டி, எல்லிங்ஸ்ருட்டில் ஒரு வரிசை வீட்டில் இருந்தார். சோல்வெய்க்குக் கடும் பாரிசவாதம். பேச்சுப் போய்விட்டது, தானாகத் திரும்பிப் படுக்க இயலாது. இடுப்பில் படுக்கைப் புண் வந்திருந்தது. ஆறு கிழமைக்குள், அதாவது நாற்பத்திரண்டு நாளுக்குள், புண் ஆறாவிட்டால் அவரை முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்ற வேண்டும் என்று வைத்தியர் எழுதிவிட்டார். சாகும்வரை பிரியமாட்டேன் என்று தேவாலயத்தில் வாக்குக் கொடுத்தவர் வால்டர். அந்த வாக்கை அவர் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டவர்.

எங்கள் அலுவலகத்தில் நோயாளி எவ்வளவு வயதானவராக இருந்தாலும் முதற்பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நோர்வேயில் அதுதான் மரியாதை. எனக்கு அது கடைசிவரை வாயில் வரவில்லை. கதவு ஒரு சாண் திறந்ததும், "குட் மோர்னிங் சேர், நான் குகன்" என்றேன்.

அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு விளங்கிய மாதிரி எங்கள் தமிழிலேயே தருகிறேன்.

"என்ன சொன்னீர்?"

"குட் மோர்னிங் சேர் எண்டனான்."

"இந்த நாட்டிலை முப்பது வருசமாய் என்னை ஒருத்தரும் சேர் எண்டு கூப்பிடேல்லை," என்று சங்கிலியைக் கழற்றினார். என்னுடைய மேலதிகாரி, மரித் என்ற பெண்மணி, திருத்த முயன்று கைவிட்ட பழக்கம்தான் அன்று கதவைத் திறந்தது.

2. ஆர் எண்ணின நிமிசம்?

முதல் நாளே புண்ணின் மணம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. மனுசன் தன்னால் இயன்றதெல்லாம் செய்திருந்தார். ஆனால் நாரிப்பிடிப்பு என்கிற இடுப்பு வலியோடு எண்பதை நெருங்குகிற ஒருவர், மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை இன்னொருவரைத் திருப்பிப் படுக்க வைப்பது நடக்கிற காரியமா? நான் வழுக்குத் துணியை அடியில் விட்டு, இரண்டு அசைப்பில் சோல்வெய்க்கைப் பக்கவாட்டில் திருப்பியதை அவர் கண் வெட்டாமல் பார்த்தார். பார்த்துவிட்டு என் வேலைத்தாளைக் கையில் எடுத்தார்.

"காலைப் பராமரிப்பு, முப்பத்தைந்து நிமிசம். என்ரை மனுசியின்ரை நிமிசத்தை ஆர் எண்ணினது?"

"அலுவலகம், சேர்."

"அதைத்தான் நான் சொல்லுறன். முதலிலை கடவுள். பிறகு குடும்பம். பிறகு சபை, அயலட்டை. அரசாங்கம் றோட்டுப் போடட்டும், எல்லையைக் காக்கட்டும். படுக்கையறைக்குள்ளை அதுக்கு என்ன வேலை?"

அவருடைய தேவாலயச் சபை நல்ல சபைதான். கிழமைக்கு இரண்டு தடவை யாராவது சாப்பாடு கொண்டு வந்தார்கள், பக்கத்தில் இருந்து செபித்தார்கள். ஆனால் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை வந்து திருப்ப எந்தச் சபையாலும் முடியாது. அது அவருக்கும் தெரியும்.

ஒருநாள் சோல்வெய்க்குக் கஞ்சி தீத்தும்போது என்னிடம் நேரடியாகக் கேட்டார். "நீர் கடவுளை நம்புறனீரோ?"

வேலையிடத்தில் சமயம் கதைக்கக்கூடாது என்பது எங்கள் விதி. கேட்டவருக்குப் பொய் சொல்லவும் மனம் வரவில்லை. "ஓம் சேர். நான் சைவம்."

"எத்தினை கடவுள்?"

"வீட்டுச் சுவரிலை ஆறு படம் இருக்கு, சேர்."

அவர் சிரித்தார். "ஒண்டையும் கும்பிடாதவனிலும் பார்க்க ஆறைக் கும்பிடுறவன் பறவாயில்லை. அரசாங்கத்தைக் கும்பிடுறவனோடைதான் எனக்குக் கரைச்சல்."

அன்று நானும் கொஞ்சம் மனம் திறந்தேன். "சேர், அரசாங்கம் வாசலுக்கு வந்தா எப்பிடியிருக்கும் எண்டு எனக்கு உங்களிலும் பார்க்கத் தெரியும். எங்கடை ஊரிலை அது பூட்ஸ் காலோடை வந்தது. அதாலைதான் நான் இஞ்சை நிக்கிறன். இஞ்சை அது சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வருது."

அவர் என் கால்களைப் பார்த்தார். நான் காலுறையோடு நின்றேன். சொந்த வீட்டுக்குள் சப்பாத்தோடு திரிகிறவர் அவர்தான். அதன் பிறகு என்னை மறித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. மற்றவர்களுக்கு மட்டும் கதவு பூட்டியே இருந்தது.

3. என் பொக்கற்றில் ஒரு திறப்பு

இனி என் பிழைக்கு வருகிறேன்.

நோயாளி எழுந்து வந்து கதவைத் திறக்க முடியாத வீடு என்றால் அதன் திறப்பு, அதாவது வீட்டுச் சாவி, எங்கள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். சுவர் அலுமாரியில் இலக்கம் போட்டுத் தொங்கும். எடுப்பவர் கையெழுத்து வைப்பார். வால்டர் அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டார். கழுத்தில் தொங்கவிடும் அவசர அழைப்புப் பொத்தானும் வேண்டாம் என்றார். இரண்டாம் கிழமை ஒரு திறப்பை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"இது அரசாங்கத்துக்கு இல்லை. உமக்கு."

விதி தெரிந்த நான் அதை வாங்கினேன். எங்கள் ஆட்களின் குணம் உங்களுக்குத் தெரியும்தானே. ஒரு வீட்டில் ஒருதரம் தேநீர் குடித்துவிட்டால் அந்த வீட்டுக்கு நாங்கள் மச்சான் முறையாகிவிடுவோம். அலுவலகம், தாள், கையெழுத்து எல்லாம் மற்றவர்களுக்கு. வேலை முடிந்து புருசெத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் போகும் வழியில் மாலையிலும் எட்டிப் பார்த்துச் சோல்வெய்க்கைத் திருப்பிவிட்டுப் போனேன். விடுமுறை நாளிலும் போனேன். ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. புண் சிவப்பு மாறி ஓரங்கள் மூடத் தொடங்கின. நான் இல்லாமல் அந்த வீடு ஓடாது என்ற நினைப்பு எனக்குத் தலைக்கேறியிருந்தது.

நான்காம் கிழமை எனக்குக் கடும் காய்ச்சல். அலுவலகத்துக்குச் சுகவீனம் என்று அறிவித்துவிட்டுப் படுத்தேன். பகல் இரண்டு மணிபோல, வேறொரு விசயம் கேட்கத் தூரிட் தொலைபேசி எடுத்தார். இடையில், "உம்மடை அமெரிக்கன் இண்டைக்கும் கதவைத் திறக்கேல்லை. வழமைபோல மறுத்திட்டார் எண்டு எழுதிப்போட்டு வந்திட்டன்" என்றார்.

எனக்குக் காய்ச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. வால்டர் மறுப்பவர்தான். ஆனால் பதில் சொல்லாமல் இருப்பவர் அல்லர். கதவுக்குப் பின்னால் நின்று அரைமணி நேரமாவது பேசுவார். அவருடைய தொலைபேசிக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டேயிருந்தது.

என் மனைவி சாந்தி கட்டிலருகில் வந்தாள். "என்ன, முகம் வெளிறிப்போய்க் கிடக்கு?"

"அந்த வீட்டுத் திறப்பு என்ரை ஜக்கற்றுக்குள்ளை கிடக்கு."

"அலுவலகத்துக்குத் தெரியுமே?"

"இல்லை."

"அப்ப இப்ப சொல்லுங்கோ. வெக்கத்தைப் பிறகு பாப்பம்."

மரித்துக்கு அடித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கேள்வியும் கேட்காமல் காரில் வந்தார். சாந்தி படியில் இறங்கிப்போய்த் திறப்பைக் கொடுத்தாள். மரித் போய்த் திறந்தபோது வால்டர் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் தரையில் கிடந்தார். காலையில் மனைவியைத் திருப்ப முயன்றபோது நாரி பிடித்து விழுந்தவர், அசைய முடியாமல் ஆறு மணித்தியாலத்துக்கு மேலாக அப்படியே கிடந்திருக்கிறார். கையை மேலே நீட்டிச் சோல்வெய்க்கின் கையைப் பிடித்தபடி கிடந்தாராம். அழைப்பு மணி கேட்டுக் கத்தியிருக்கிறார், சத்தம் வாசல்வரை எட்டவில்லை. சோல்வெய்க் அதே பக்கத்தில் நனைந்தபடி கிடந்திருந்தார். மூடிவந்த புண் மறுபடி பிளந்திருந்தது.

4. ஏழு விதிகள்

காய்ச்சல் விட்டு வேலைக்குப் போன அன்று மரித் என்னை அறைக்குள் கூப்பிட்டார். எப்போதும்போலக் குரலை உயர்த்தவில்லை.

"உம்மளவுக்கு அந்த வீட்டை ஒருத்தரும் பாக்கேல்லை. அது எனக்குத் தெரியும். ஆனா அந்தத் திறப்பு சுவரிலை தொங்கியிருந்தா தூரிட் காலமை எட்டு மணிக்கே உள்ளை போயிருப்பா. நீர் அவையளுக்கு உதவி செய்யேல்லை, குகன். அவையளை உம்மோடை கட்டிப்போட்டீர்."

எழுத்தில் எச்சரிக்கை தந்தார். கையெழுத்து வைத்து வாங்கினேன். அவ்வளவு வெட்கப்பட்டு நான் எந்தத் தாளிலும் கையெழுத்து வைத்ததில்லை.

அங்கிருந்து நேரே வால்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஊன்றுகோலோடு கதிரையில் இருந்தார்.

"திறப்பைத் தந்தது நான். மனிசனை நம்பினன். மனிசனுக்குக் காய்ச்சல் வந்திட்டுது," என்றார்.

"சேர், திறப்பு அலுவலகத்திலை தொங்கவேணும். எனக்கு ஏலாட்டில் தூரிட் வருவா, அவவுக்கு ஏலாட்டில் இன்னொராள். இல்லாட்டி நான் இனி இஞ்சை வேலை செய்யமாட்டன்."

இரண்டு நாளாக அவரிடமிருந்து முடிவு வரவில்லை. ஆறு கிழமையில் மிச்சம் இரண்டுதான். என்னால்தான் அந்த மனுசி வீட்டை விட்டுப் போகப்போகிறா என்று நினைத்துக்கொண்டே திரிந்தேன். மூன்றாம் நாள் வால்டர், சோல்வெய்க்கோடு சபைப் பெண்மணி ஒருவரை இருத்திவிட்டு, ராக்சி பிடித்து அலுவலகத்துக்கே வந்தார். கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தார். மரித்தின் மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாளை வைத்தார்.

"என்னை ஆளுறவையின்ரை அதிகாரம் எதுவரைக்கும் எண்டு எழுத்திலை இருக்கவேணும். எங்கடை நாட்டை அப்பிடித்தான் தொடங்கினவை. இதிலை கையெழுத்து வையுங்கோ, திறப்புத் தாறன்."

ஏழு விதிகள். உள்ளே வந்ததும் முதலில் சோல்வெய்க்குக் காலை வணக்கம் சொல்ல வேண்டும். அவர் படுத்திருக்க, அவர் அங்கே இல்லாததுபோல மேலால் பேசக்கூடாது. தொட முன்னம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். புதிய ஆள் வந்தால் பழைய ஆள் ஒருதரமாவது கூட வந்து அறிமுகம் செய்ய வேண்டும். திருப்பிய நேரத்தைச் சுவர்த் தாளில் எழுத வேண்டும். வேலை முடியமுன் மணிக்கூட்டைப் பார்க்கக்கூடாது. கடைசி விதி, சாப்பாட்டுக்கு முன் தம்பதியோடு சேர்ந்து செபிக்க வேண்டும்.

மரித் கடவுள் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். பேனையை எடுத்துக் கடைசி விதியைச் சுட்டினார். "இதுக்கு என்ரை ஆக்களை நான் கட்டாயப்படுத்த ஏலாது. நீங்கள் செபிக்கேக்கை அசையாமல் நிப்பினம். அது சரியோ?"

வால்டர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "அசையாமல். கையிலை ஒண்டும் இல்லாமல்."

"சம்மதம்."

அவரே வெட்டித் திருத்தினார், இருவரும் கையெழுத்து வைத்தார்கள். திறப்பு இலக்கத்தோடு சுவருக்குப் போனது. பொத்தான் அவர் கழுத்துக்குப் போனது. அந்தத் தாளைப் பிரதி எடுத்து, பெயரை மறைத்து, மரித் புதிதாக வேலைக்கு வரும் எல்லோருக்கும் கொடுக்கத் தொடங்கினார்.

5. இரண்டு கிழமை

பதினாலு நாள். ஐந்து பேர் முறைவைத்துப் போனோம். சுவர்த் தாளில் ஒரு கட்டம்கூட வெறுமையாக இருக்கவில்லை. வால்டர் ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு, கடவுளைக் கேட்டு, பிறகுதான் அறைக்குள் விட்டார். தூரிட் தனக்குக் கடவுள் இல்லையென்று சொல்லி அரைமணிப் பிரசங்கத்தை மறுபடி வாங்கினார். இந்தமுறை திருப்பிப் பேசியும் இருக்கிறார். இருவருக்கும் அது பிடித்துப்போனது.

வீடா இல்லமா என்று தீர்மானம் எடுக்கும் அதிகாரி வந்த அன்று சோல்வெய்க்கைத் திருப்பிக் காட்டியது நான்தான். புண் முழுதாக ஆறியிருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் சுத்தமாக, வற்றி, சுற்றிவரப் புதுத்தோல் ரோசா நிறத்தில் வந்திருந்தது. அதிகாரி சுவர்த் தாளை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். வைத்தியரோடு அங்கிருந்தே தொலைபேசியில் கதைத்தார். "வீட்டிலேயே இருக்கலாம்," என்றார். சோல்வெய்க்குப் பேச்சில்லை. இயங்குகிற கையால் வால்டரின் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தார். நான் சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இலையுதிர் காலத்தில் நகரசபைத் தேர்தல் வந்தது. வெளிநாட்டவராக இருந்தாலும் இங்கே வாழ்பவர்களுக்கு அதில் வாக்கு உண்டு. வால்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். சபையில் இருந்து யாரும் வந்திருக்கவில்லை. வீட்டில் நான் மட்டும்தான்.

"வோட்டுப் போடப் போறன். ஒரு மணித்தியாலம் பிடிக்கும்."

"போட்டு வாங்கோ சேர். நான் நிக்கிறன்."

"வரியைக் குறைக்கிற கட்சிக்குத்தான் போடுவன். உம்மடை சேவையை வெட்டுவம் எண்டு சொல்லுற ஆக்கள்."

"தெரியும் சேர். அவசரமில்லை, ஆறுதலாய் வாங்கோ. பதினொரு மணிக்கு அம்மாவை இடப்பக்கம் திருப்பிவிடுறன்."

அவர் சோல்வெய்க்கின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பாராமல் படியிறங்கிப் போனார். சோல்வெய்க் அதன் பிறகு இரண்டு குளிர்காலம் அந்த வீட்டிலேயே வாழ்ந்து, தன் கட்டிலிலேயே, கணவனின் கைக்குள் கண்ணை மூடினார்.

பிள்ளைகளே, உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கதவைச் சாத்துகிறவரோடு கோபிக்காதீர்கள். அவர் எழுதித் தரும் விதியை வாங்கி வாசியுங்கள். திறப்பை மட்டும் உங்கள் பொக்கற்றில் போடாதீர்கள். எங்கள் சேவையே இருக்கக்கூடாது என்று வாக்குப் போடப் போன மனிதர், தன் மனைவியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். என் வேலைக் காலம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அந்த ஒரு மணித்தியாலம்தான்.