விளக்கு வைக்காத வீடு

காய்ச்சல் கண்ட குழந்தைகளை வீடு தேடிப்போய்ச் சோதிக்கும் வேலையில் நான் சேர்ந்தபோது, எனக்குப் பயமென்றால் தெருநாய் மட்டும்தான். காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எரிச்சல்தான் வரும். பம்மலில் ஒரு வீடு அந்த எரிச்சலைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்துவிட்டது.

பழைய தோல் கிடங்குக்குப் பின்னால் வரிசை வீடுகள். பொழுது சாய்ந்து எல்லா வீட்டிலும் விளக்கு வைத்தாயிற்று. ஒரு வீடு மட்டும் இருட்டாகக் கிடந்தது. தட்டினேன். சின்ன வயதுப் பெண் ஒருத்தி திறந்தாள். அவள் இடுப்பில் மூன்று வயது மகள், போர்வைக்குள் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, கரண்ட் இல்லியா?"

"கீதுக்கா. நான்தான் போடல." குரலை இறக்கினாள். "ஒரு நாள் வுட்டு ஒரு நாள், வெளக்கு வச்ச ஒடனே கொழந்தைக்கு நடுக்கம் வருது. மறுநாள் ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆடுது. வெளிச்சத்தப் பாத்து ஏதோ உள்ள வருதுக்கா. அதான் வெளக்கே வைக்கறதில்ல."

"எதும்மா வருது?" என்று கேட்டபடி உள்ளே போய் உட்கார்ந்தேன்.

குழந்தைதான் பதில் சொன்னாள். பின்பக்க ஜன்னலைக் காட்டி, "அவங்க," என்றாள். "பாடறாங்க."

ஜன்னலுக்கு வெளியே பலகை போட்டு மூடிய பழைய கிணறு. எனக்கும் கேட்டது. மெல்லிய, அறுபடாத ஒரு ரீங்காரம். எழுந்து ஓடிவிடலாமா என்றுதான் தோன்றியது, பொய் சொல்வானேன்.

ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் குளிர்காய்ச்சல் எனக்குத் தெரிந்த சங்கதி. பையிலிருந்து மலேரியா சோதனை அட்டையையும் விரலில் குத்தும் ஊசியையும் எடுத்தேன். அவள் சட்டென்று பின்வாங்கினாள்.

"வெளக்கு வச்சப்புறம் ஊசியத் தொடக்கூடாதுக்கா. காலைல வாங்க."

குழந்தையின் கண் செருகிக்கொண்டிருந்தது. காலை வரை இவள் தாங்குவாளா என்று பயந்தேன். கோபமும் வந்தது. கோபத்தில் எனக்கு எப்போதும் நக்கல்தான் வரும்.

"நீதான் வெளக்கே வைக்கலியே! அப்புறம் இன்னா வச்சப்புறம்?"

அவள் திருதிருவென்று விழித்தாள். யோசித்தாள். பிறகு அவளே குழந்தையின் விரலைப் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

அட்டையில் ஒரு சொட்டு ரத்தம், அதன்மேல் மருந்துத் திரவம். கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். என் செல்போன் வெளிச்சத்தையும் அவள் முந்தானையால் பாதி மூடினாள். அந்த ரீங்காரம் நிற்கவே இல்லை. முதல் கோடு விழுந்தது. அது எல்லோருக்கும் விழுவது. அதன் பக்கத்தில், யாரோ உள்ளிருந்து வரைவது போல, இரண்டாவது கோடு மெல்லச் சிவந்து வந்தது.

"மலேரியாம்மா. கெணத்துல கொசு கீது. அதான் பாடுது. வா, கெளம்பு."

ஷேர் ஆட்டோ பிடித்து சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள். மறுநாள் கிணற்றுப் பலகையைத் தூக்கியபோது கொசு புகை மாதிரி எழும்பியது. மருந்தடித்து வலை போட்டு மூடினார்கள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் போனேன். அவள் சாமி விளக்கின் முன் உட்கார்ந்து தீக்குச்சி கிழித்தாள். விளக்கு எரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் குழந்தையையே பார்த்தோம். அவள் எங்களைப் பார்த்துவிட்டு பிஸ்கட் கேட்டாள். தாய்க்காரி ஓவென்று அழுதுவிட்டாள்.

சந்தோஷமாக வெளியே வந்தேன். வரிசையின் கடைசி வீடு இருட்டாக இருந்தது.

"அங்கயும் வெளக்கு வைக்கறதில்லியா?" என்று திரும்பிக் கேட்டேன்.

"வெளக்கு வச்சா ஏதோ உள்ள வரும்னு நான்தான்கா அந்த அக்காவுக்குச் சொன்னேன். மொதல்ல," என்றாள், முகம் வெளுத்து.

போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே பற்கள் தந்தியடிக்க ஒரு பிஞ்சுக் குரல் சொன்னது:

"தொறக்காதம்மா. அவங்க வந்துட்டாங்க."

பையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி தட்டினேன்.