பெலாச்சான் சம்பலும் பயற்றம் உருண்டையும்

போன வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேத்தி ஷாமினி ஒரு மளிகைக் கடையையே விரித்துவிட்டாள். ஓட்ஸ், பாதாம், காய்ந்த பழம், பால் மாவு. எல்லாவற்றையும் நிறுத்து நிறுத்துப் பொட்டலம் போடுகிறாள். நண்பர்களோடு தாஹான் மலைக்குப் போகிறாளாம். ஒரு வாரம் காட்டில் நடை. முதுகில் தூக்கிப் போவதுதான் சாப்பாடு.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கேட்பாள் என்றுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் மலாக்காவில் எத்தனை கல்யாணப் பந்தியில் என் கரண்டி விளையாடியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். புக்கிட் பெருவாங்கில் இந்த வீடு என் பிரியாணிச் சட்டி கட்டின வீடு. ஆயிரம் பேருக்குக் கைக்கணக்கில் உப்புப் போடுகிறவன் பக்கத்தில் இருக்கிறேன். அவளோ போனை எடுத்து, என் தலைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு பேசுகிறாள்.

"சவரி தாத்தா! அந்தப் பயறு உருண்டை எப்படிச் செய்யணும்?"

சவரிமுத்து செலண்டாரில் மகள் வீட்டில் இருக்கிறான். நானும் அவனும் ஒரே ரப்பர் தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடு.

"உங்க தாத்தனக் கேளேம்மா, பெரிய கேட்டரிங்காரன்லா அவன்" என்றான். பிறகு அந்தச் சிரிப்பு. "ஆனா பெலாச்சான் போட்ருவான், பாத்துக்க!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு வயிற்றில் அடுப்பு மூட்டின மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் பயறு வறுபடும் வாசனை வந்தது. அவ்வளவுதான், என் மூக்கு என்னைக் கேட்காமலே தோட்டத்துக்குப் போய்விட்டது.

எங்கள் லயத்து வாசலில் நின்றால் லேடாங் மலை தெரியும். பால் மரம் வெட்டும் வயதுப் பையன்கள் நாங்கள். தினமும் அதைப் பார்த்துப் பார்த்து, ஒரு தடவை ஏறிவிடுவது என்று முடிவு செய்தோம். நான், சவரி, முனியாண்டி, தங்கராசு. வேலை வாங்கும் மண்டோரிடம் கெஞ்சி நாலு நாள் லீவு. சாப்பாடு யார் பொறுப்பு என்றதும் நான் நெஞ்சைத் தட்டினேன். அப்போதே கைமணம் உண்டு எனக்கு.

அது புரட்டாசி. சவரி சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன், நாங்கள் மூன்று பேரும் விரதம். அது எனக்குத் தெரியாதா? நெத்திலியைத் தொடவே இல்லை. மிளகாயை அரைத்து, எண்ணெய் மிதக்க மிதக்க ஒரு பிஸ்கட் டின் நிறையச் சம்பல் கிண்டினேன். சோற்றுக்கு அது ஒன்று போதும், கெடவும் கெடாது. முதல் நாள் சாயங்காலம் ஆற்றோரம் சோறு வடித்து டின்னைத் திறந்தேன். முனியாண்டி ஒரு வாய் வைத்தான். வைத்தவன் அப்படியே நின்றான்.

"டேய், பெலாச்சான் போட்டியா?"

போட்டிருந்தேன். இறால் அரைத்த அந்தக் கட்டி இல்லாமல் இந்த ஊரில் சம்பல் ஏது? அடுப்பைப் பற்றவைத்தால் கை தானாக அதைத் தேடும். நெத்திலியை மறந்த கைக்கு இது மறக்கவில்லை. முனியாண்டி ஓடிப்போய் ஆற்றில் வாய் கொப்பளித்தான். தங்கராசு என்னை ஏசின ஏச்சை இங்கே எழுத முடியாது.

அப்போதுதான் சவரி பையை அவிழ்த்தான். பயறு, கடலை, அரிசி வறுத்து இடித்து, சுக்குத் தட்டிப் போட்டு, குலா மலாக்கா என்கிற தென்னைவெல்லப் பாகில் பிடித்த உருண்டை. தேங்காய் சேர்த்தால் ஊசிப்போகும் என்று அதையும் விட்டிருந்தான். புறப்படும் முன்னாலேயே மூன்று பேர் வீட்டுக்கும் போய், "என்ன விரதம், எது ஆகாது?" என்று எங்கள் அம்மாமார்களைக் கேட்டானாம். என் அம்மாவையும்! அந்த உருண்டையைத் தின்றுதான் மலை ஏறினோம். இறங்கினோம். பசியே தெரியவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

இதைவிடக் கொடுமை, என் சம்பலை அவன் ஒருத்தனே சப்புக்கொட்டித் தின்றான். "சூப்பர்டா மச்சான், இந்த மாதிரி எங்கயும் சாப்டதில்ல." நக்கலா, நிஜமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. லயம் திரும்பியதும் எல்லார் வாயிலும் சவரி உருண்டைதான். மலையின் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை.

பேத்தி புறப்படும்போது, நான் ராத்திரியே செய்து வைத்த எலுமிச்சை ஊறுகாயை அவள் பையில் செருகினேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"தாத்தா, இதுல பெலாச்சான் இருக்கா? எங்க டீம்ல ரெண்டு பேர் சைவம்."

ஒருவழியாக என்னையும் ஒன்று கேட்டுவிட்டாள். இல்லை என்றேன். எடுத்துக்கொண்டாள்.

லயம் இருந்த இடம் இப்போது எண்ணெய்ச் செம்பனைத் தோப்பு. வாசலும் இல்லை, வாசலிலிருந்து தெரிந்த மலையும் அங்கிருந்து தெரியாது. முனியாண்டி போய்விட்டான், தங்கராசும் போய்விட்டான். அந்தச் சம்பலைச் சொல்லிச் சிரிக்க உலகத்தில் சவரி ஒருத்தன்தான் மிச்சம். அவனுக்கும் பல் போய்விட்டது. உருண்டையைப் பாலில் கரைத்துக் குடிக்கிறானாம்.

எனக்குப் பல்லெல்லாம் இன்னும் கெட்டி. பாவி மகள் ஷாமினி, ஓர் உருண்டைகூட வைத்துவிட்டுப் போகவில்லை.