அக்காவின் அறுபதும் பிரித்தானியாவின் அரசியலமைப்பும்

மைக்கை யார் கையில் கொடுக்கிறோம் என்பதில் நீங்கள் கவனமானவரா? நாங்கள் இல்லை. அதனால்தான் போன சனிக்கிழமை அப்படி நடந்தது...

கனடாவில், றிச்மண்ட் ஹில்லில் ஒரு பார்ட்டி ஹோல். என் அக்காவின் அறுபதாவது பிறந்தநாள். இருநூறு பேர். அக்காவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. "வயசை மைக்கில சொல்லோணுமோ?" என்று வாசல்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

லண்டனிலிருந்து எங்கள் பெரியப்பாவின் மகன் குணம் அண்ணை வந்திருந்தார். முப்பது வருடம் அங்கே பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். நிகழ்ச்சியை நடத்தியது அக்காவின் மகள் அபி. சட்டம் படிக்கிறாள். "மாமா, ஒன்லி த்ரீ மினிட்ஸ், ஓகே?" என்று சொல்லித்தான் மைக்கைக் கொடுத்தாள்.

அண்ணை அக்காவை வாழ்த்தினார். அது அரை நிமிடம்.

"இப்ப ஒரு முக்கியமான விசயம். பிரித்தானியாவுக்கு எழுதின அரசியலமைப்பு இல்லை. தெரியுமோ உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. பக்கத்து மேசைக்கும் தெரியாது.

"எத்தினை நாடுகளுக்கு எழுதிக் குடுத்தவங்கள்! தங்களுக்கு மட்டும் ஒரு புத்தகமா எழுதி வைக்கேல்லை. கொஞ்சம் சட்டம், கொஞ்சம் தீர்ப்பு, மிச்சமெல்லாம் வழக்கம். பாராளுமன்றத்தில ஒரு வோட்டுக் கூடினாப் போதும், உங்கட எந்த உரிமையையும் மாத்தலாம். பஸ் ஓட்ட எனக்கொரு புத்தகம் தந்தவை. கதவை எப்ப திறக்கிறது எண்டுகூட அதில இருக்கு. நாட்டை ஓட்டுறவைக்கு ஒரு புத்தகமும் இல்லை!"

ஹோலே அதிரச் சிரிப்பு. அண்ணையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! லண்டனில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ரயில் நிலைய வாசலில் மடக்கு மேசை போட்டு, இதற்காகத் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறாராம். ஒருவரும் நிற்பதில்லையாம். இங்கே இருநூறு பேர்... அதுவும் சாப்பிடாமல் எழும்பிப் போக முடியாதவர்கள்!

மூன்று நிமிடம் பன்னிரண்டானது. நிறுத்தத்தான் அபி மேடையேறினாள் என்று நினைத்தேன். அவளோ இன்னொரு மைக்கைப் பிடித்தாள்.

"மாமா, கனடாவில எழுதி இருக்கு. பட், பிரைம் மினிஸ்டரை எப்பிடித் தெரிவு செய்யிறது எண்டு அதில இல்லையே! அதுவும் வழக்கம்தான்!"

"அப்ப அதையும் எழுதுங்கோ!" என்று பின்மேசையிலிருந்து ஒரு குரல். "எல்லாத்தையும் எழுதினா நீதிபதியள் நாட்டை ஆளுவினம்!" என்று இன்னொன்று. ஐந்தே நிமிடத்தில் மேசைக்கு மேசை அரசியலமைப்பு நிர்ணய சபை. ரோல்ஸ் தட்டோடு வந்த கேட்டரிங்காரர் நடுவில் நின்று திகைத்தார்.

அப்போதுதான் மேரி ரீச்சர் எழுந்தார். அக்காவின் அயல்வீட்டுக்காரர். மன்னாரில் சரித்திரம் படிப்பித்தவர்.

"குணம், எங்களுக்கு எழுதித்தானே இருந்தது? இலங்கைக்கு வெள்ளைக்காரன் தந்த அரசியல் யாப்பில இருபத்தொன்பதாம் பிரிவு. சிறுபான்மைக்குப் பாதுகாப்பு எண்டு. எழுபத்திரண்டில புதுசு எழுதேக்குள்ள அதைக் காணேல்லை. எழுதினதால என்ன பலனைக் கண்டம்?"

அண்ணை மைக்கைக் கீழே இறக்கினார். பாவம், முடிந்தது என்று நினைத்தேன்.

மெதுவாகத் திரும்ப உயர்த்தினார்.

"ஓம் ரீச்சர். நீங்கள் சொல்லுறது சரி. ஆனா... எது காணாமல் போனது எண்டு உங்களால இப்பவும் நம்பரோட சொல்ல முடியுதே. எழுதி இருந்தபடியால்தானே? என்ர பேரப்பிள்ளையளிட்ட ஒண்டைப் பறிச்சா, எது பறிபோனது எண்டு அதுகள் எந்தப் பக்கத்தைக் காட்டுறது?"

கைதட்டல்... என் பக்கத்து மேசை எழுந்தே நின்றது!

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வாசல்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்த எங்கள் பிறந்தநாள்காரி, ஹீல்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மேடையேறி அபியின் மைக்கைப் பறித்தார்.

"எனக்கு அறுபது வயசு! என்ர பார்ட்டி! வாக்கெடுப்பு! பிரித்தானியாவுக்கு எழுதின அரசியலமைப்பு வேணும் எண்டிறவை கை தூக்குங்கோ!"

அந்த நாட்டில் வாக்கே இல்லாத கனடாக்காரர்களின் கைகள் காடாக எழுந்தன. ரோல்ஸ்காரரும் ஒரு கை தூக்கினார். அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டுமல்ல.

ஒரு கை மட்டும் எழவில்லை. எல்லோரும் மேரி ரீச்சரைப் பார்த்தோம். அவர் நிதானமாகத் தண்ணீர் குடித்தார். பிறகு கையைத் தூக்கினார்.

"எழுதச் சொல்லு குணம். ஆனா, அழிக்கேலாத மையால எழுதச் சொல்லு."