நாலேகாலில் நின்ற கடிகாரம்

கிரேக்கத் தீவான கியோஸின் துறைமுகத்தில் விடியற்காலையில் ரொட்டி வாங்குகிறவர்களுக்கெல்லாம் மார்க்கெல்லாவின் முகம் தெரியும். அடுமனையில் முழங்கைவரை மாவோடு நிற்பாள். விலை கேட்டால் சொல்வாள். வேறு பேச மாட்டாள். கப்பல்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான நாளிலிருந்தே அவளுக்குக் காத்திருப்பதுதான் குடித்தனம்.

அவள் கணவன் இசிதோரோஸ் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்காரன். தனக்கென்று அவன் ஆசைப்பட்டு வாங்கியது ஒன்றே ஒன்றுதான்: தினமும் சாவி கொடுத்து ஓட்டும் உயர்ந்த சுவிஸ் கைக்கடிகாரம். கப்பல் எந்தக் கடலில் போனாலும் அதில் கியோஸ் நேரத்தைத்தான் வைத்திருப்பான். கப்பல் நேரத்துக்குச் சுவரில் கடிகாரம் இருக்கிறது, கையில் இருப்பது என் வீட்டு நேரம் என்பான். படுக்கப்போகும் முன் சாவி கொடுத்துவிட்டு அவளுக்குப் போன் செய்வான்.

கடைசி மாதங்களில் அது தினமும் சில நிமிஷம் பின்தங்கியது. "நீ இன்னும் மாவு பிசையறேன்னு நான் நெனச்சுக்கிட்டிருக்கேன், நீ வீட்டுக்கே போயிட்டியேடி" என்று போனில் சிரித்தான். உத்தரவாதம் இன்னும் இருக்கிறது, ஈஸ்டருக்கு வரும்போது கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்றான்.

ஈஸ்டர் வந்தது. அவன் வரவில்லை. பிரேசில் துறைமுகம் ஒன்றில், தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுபோயிருந்தது. காலையில் எழுப்பப் போனவர்கள்தான் பார்த்தார்கள். உயிர் எந்த நேரத்தில் பிரிந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிறகு அவன் சாமான்கள் ஒரு பெட்டியில் வந்தன. துணிகளுக்கு நடுவே கடிகாரம் நாலேகாலில் நின்றிருந்தது.

அதுதான் அவன் போன நேரம் என்று மார்க்கெல்லா முடிவுசெய்துவிட்டாள். எஜமானோடு அதுவும் மூச்சை நிறுத்திக்கொண்டது என்று நினைத்தாள். கடிகாரத்தை அடுமனையில் மாட்டியிருந்த புனிதர் படத்தின் கீழே வைத்து, தினமும் விடியற்காலை நாலேகாலுக்கு எண்ணெய் விளக்கேற்றி நின்றாள். முள் அசைந்துவிடுமோ என்று அதைத் துடைக்கக்கூட யாரையும் விடவில்லை.

இலையுதிர்காலம் வந்ததும் நாத்தனார் காலியோப்பி பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமையோடு உத்தரவாதம் முடிகிறது, அண்ணன் சரிசெய்ய நினைத்ததைச் சரிசெய்ய வேண்டாமா என்று நச்சரித்தாள். மார்க்கெல்லா அசையவில்லை. "செத்தவருக்கு விளக்கு ஏத்தலாம் அண்ணி. வாட்சுக்குமா ஏத்துவாங்க?" என்றாள் காலியோப்பி. அந்தத் திங்கட்கிழமையே கையோடு இழுத்துக்கொண்டு போனாள்.

கடிகாரக் கடைக்காரர் பாண்டேலிஸ்தான் அதை இசிதோரோஸுக்கு விற்றவர். மார்க்கெல்லா கைக்குட்டையைப் பிரித்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"முள்ளைத் தொடாம ரிப்பேர் பண்ண முடியுமா?"

"வாயைத் தொறக்காம பல்லைப் புடுங்கச் சொல்றாங்க, பாண்டேலிஸ்" என்றாள் காலியோப்பி.

அவர் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டார். நாலேகாலைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் மார்க்கெல்லா சொல்லி முடிக்கும்வரை குனிந்த தலை நிமிராமல் கேட்டார். பிறகு தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அக்கா, பின்தங்கறதுதான் இதோட கோளாறு. அதை ஏதென்ஸுக்கு அனுப்பினா இலவசமாவே சரிபண்ணிடுவாங்க. நின்னது கோளாறு இல்ல. சாவி குடுக்க ஆள் இல்ல, நின்னுடுச்சு. அவர் ஒரு தடவை முழுசா முறுக்கினா ரெண்டு நாள் ஓடும்."

மார்க்கெல்லா கடிகாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்போ, அவர் போயிட்டார்னு எனக்குப் போன் வந்தப்ப?"

"ஓடிக்கிட்டுதான் இருந்திருக்கும்."

இத்தனை நாளும் ஏற்றியது தப்பான நேரத்து விளக்கா? முதலில் கோபம் வந்தது. பாண்டேலிஸ்மேலும், கடிகாரத்தின்மேலும், தன்மேலும். அப்புறம் வேறொன்று உள்ளே இறங்கியது. அடுமனைத் தரையில் மாவுப் புழுதியில் புரண்டு அவள் அலறிய அந்த மத்தியானம், உலகத்தின் மறுகோடியில் அவன் விரல் கொடுத்த விசையில் அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. காதருகே வைத்துக் கேட்க அவள்தான் அங்கே இல்லை.

சாவி கொடுக்கட்டுமா என்று பாண்டேலிஸ் கேட்டார். அவள் தலையசைத்து மறுத்தாள். நகக்கண்ணில் மாவு காய்ந்திருந்த விரல்களால் தானே திருகினாள். கடிகாரம் பேசத் தொடங்கியது. அவர் நேரத்தைச் சரியாக வைத்துக் கொடுத்ததும் கையில் கட்டிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து குடுத்துடறேன். அதுவரைக்கும் அவர் கையில எப்படி ஓடுச்சோ, அப்படியே ஓடட்டும்."

காலியோப்பி மேஜைமேல் கிடந்த கைக்குட்டையை மடித்து எடுத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு இரவும் மார்க்கெல்லா சாவி கொடுத்தாள். ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கியது. வெள்ளிக்கிழமை மாலை கடைக்குப் போகும் வழியில் படகுத்துறையில் நின்றாள். ஏதென்ஸுக்குப் பக்கத்தில் உள்ள பிரேயஸ் துறைக்குப் போகும் கப்பல் சங்கு ஊதி, பின்கதவைத் தூக்கி, கரையை விட்டு நகர்ந்தது. வேலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இசிதோரோஸ் அந்தக் கப்பலில்தான் ஏறுவான். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அதன்படி கப்பல் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. அவன் இன்னும் ஏறவில்லை. பக்கத்தில்தான் எங்கோ சிகரெட்டை அணைத்துக்கொண்டிருக்கிறான். மணிக்கட்டைக் காதோடு அழுத்தியபடி, அந்தச் சில நிமிஷங்கள் கரையும்வரை அசையாமல் நின்றாள். முள் கிளம்பும் நேரத்தைத் தொட்டபோது, கப்பலின் விளக்குகள் வெகுதூரம் போயிருந்தன.

பாண்டேலிஸ் கடையடைக்காமல் காத்திருந்தார். அவள் கடிகாரத்தைக் கழற்றினாள். வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அதை அவரிடம் நீட்டினாள். கணவனை வழியனுப்பும்போது ரொட்டிப் பொட்டலத்தைக் கொடுத்து என்ன குரலில் பேசுவாளோ, அதே குரலில் சொன்னாள்:

"இப்பதான் முழுசா சாவி குடுத்தேன். போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும்."