கோழிகள் தின்ற கோல் கோடு

மலேசியாவில், பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நான் சரித்திர ஆசிரியன். கால்பந்துப் பயிற்சியாளனும் நானே. இரண்டாவது பதவி கிடைத்த கதை எளிமையானது. யார் யாருக்கு எந்த விளையாட்டு என்று பங்கு போட்ட கூட்டத்தின் நடுவே நான் தே தாரேக் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சதுரங்கமும் பூப்பந்தும் போய்விட்டன. மேசைமேல் ஒரு விசில் மட்டும் எனக்காகக் காத்திருந்தது. என் தொப்பையைப் பார்த்தும், 'எங்களை ஓடச் சொல்ல உங்களுக்கு என்ன தகுதி' என்று ஒரு மாணவன்கூட இதுவரை கேட்டதில்லை. அந்த நாகரிகத்துக்கு நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டவன்.

இரண்டு ஆண்டுகளாக எங்கள் குழு ஆடிய ஒவ்வோர் ஆட்டத்திலும் கோல் வாங்கியது. கோல்கீப்பர்மேல் குற்றமில்லை. அவன் கேண்டீன் நடத்தும் அக்காவின் மகன், பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம், நல்ல கீப்பர். அவனுக்கு முன்னால் நின்ற பத்துப் பேரும் கோட்டுக்கு வெளியே நின்ற ஒருவரும்தான் பிரச்சினை. ஒரே ஓர் ஆட்டத்தையாவது கோல் வாங்காமல் முடித்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. மிஞ்சியிருந்தது லீக்கின் கடைசி ஆட்டம், எங்கள் திடலில். அவனுக்குப் பள்ளி அணியில் அதுவே கடைசி. ஜொகூருக்கு லோரி ஓட்டும் அவன் அப்பா, மகன் ஆடி ஒருநாளும் பார்த்திராதவர், அன்றைக்கென்று டிரிப்பை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை கோடு போடச் சுண்ணாம்பைத் தேடினேன். ஸ்டோர் கூரை ஒழுகி, மூட்டை பாறையாகியிருந்தது. சரித்திரம் படித்தவனுக்கு மாற்றுவழி தோன்றாமல் போகுமா? கேண்டீனில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, புட்டுக்கு வைத்திருந்த அரிசி மாவு மூட்டையைத் தூக்கிவந்தேன். இடைவேளைக்குள் திடல் முழுவதும் வெள்ளைக் கோடுகள். பாலைப் போல வெண்மை. படம் எடுத்து ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில்கூடப் போட்டேன்.

எங்கள் பள்ளிக்குப் பின்வேலிக்கு அப்பால் பழைய தோட்டத் தொழிலாளர்களின் லய வீட்டு வரிசை ஒன்று இன்னும் இருக்கிறது. ரப்பர் மரங்கள் போய்விட்டன, கோழிகள் போகவில்லை. நாலு மணிக்குத் திடலுக்கு வந்தபோது ஒரு முப்பது கோழிகள் பெனால்டி பகுதியை முடித்துவிட்டு நடு வட்டத்தை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தன. என் ஆட்டக்காரர்கள் ஒருநாளும் அவ்வளவு ஒழுங்காக முன்னேறியதில்லை.

எதிரணியின் பஸ் வந்து நின்றது. நடுவரும் வந்தார். வேறு பள்ளி ஆசிரியர். அவர் குடும்பம் டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறது.

"சார், கோடு எங்க?"

"இருந்துச்சு சார்."

"இருந்தத வச்சு நான் எப்படி விசில் ஊதறது? கோடு இல்லன்னா ஆட்டம் இல்ல. வாக்ஓவர் கொடுத்தா நீங்க மூணு கோல் வாங்கினதாக் கணக்கு."

கீப்பர் கையுறையை மாட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தான். "பந்தத் தொடாமலே மூணு கோல் வாங்கறவன் நாந்தான் லா" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான். அந்த நேரம் அவன் போன் அடித்தது. "ஐயா, சிலிம் ரிவர் தாண்டி ரொம்ப நேரமாச்சு, இந்தா வந்துட்டேன்" என்று அப்பாவின் குரல். அவன் என்னைப் பார்த்தான். நான் விசிலை ஊதிக்கொண்டு கோழிகளை விரட்டப் போனேன்.

கேண்டீன் அக்கா கரண்டியோடு வந்து சேர்ந்தார்.

"சாரே, என் புட்டு மாவா இது?"

"ஆமாங்க்கா."

"அரிசி மாவக் கொட்டிட்டு, கோழி வந்து கும்பிட்டுட்டுப் போவும்னு நெனச்சீங்களா? படிச்சவங்கதானே நீங்க?"

பிறகு நடுவரிடம் திரும்பினார். "தம்பி, அரை மணி நேரம் குடுங்க. கோடுதானே வேணும்?"

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், அக்காவின் கரண்டியையும் பார்த்தார். "சரிக்கா. அரை மணிக்கு மேல ஒரு நிமிஷம் இல்ல."

தீபாவளிக் கோலப் போட்டியில் மிஞ்சிய கலர்ப் பொடி ஸ்டோரில் டப்பா டப்பாவாக இருந்தது. கல்மாவு, கோழி தொடாது. அக்காவும் கேண்டீன் பெண்கள் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்கள். விரலிடுக்கில் பொடி ஒழுக, பின்பக்கமாக நடந்தே நேர்கோடு இழுத்தார்கள். வட்டத்துக்குக் கயிறு பிடிப்பது என் வேலை. அதிலும் இரண்டு முறை திட்டு வாங்கினேன். பக்கவாட்டில் பச்சை, நடுவில் மஞ்சள், கோல் கோடு ரோஸ். மகன் நிற்கும் இடத்தில் அக்கா பொடியை இரட்டிப்பாக விட்டார். கார்னர் வளைவைப் பழக்கதோஷத்தில் ஒரு பெண் இதழாக முடித்துவிட்டாள். நடுவர் அங்கே சற்று நின்றார். பிறகு ஒன்றும் கேட்காமல் நகர்ந்தார். அதற்கும் நன்றி.

அப்பா வந்து கோலுக்குப் பின்னால் நின்றபோது ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கீப்பர் எல்லாவற்றையும் பிடித்தான். நான் எல்லாரையும் "பின்னால வாங்க" என்று கத்தினேன். என் ஆட்ட வியூகம் முழுவதும் அவ்வளவுதான்.

முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் ஒரு பந்து தலைகளுக்கு நடுவே தட்டி உருண்டு வந்தது. கீப்பர் பாய்ந்து, கோட்டின்மேல் அதை நெஞ்சால் அமுக்கிக்கொண்டான். எதிரணி கைதூக்கிக் "கோல்!" என்றது. நடுவர் ஓடிவந்தார்.

"அசையாத. அப்படியே இரு."

மண்டியிட்டு அவன் நெஞ்சுக்கடியில் எட்டிப் பார்த்தார். பந்துக்கடியில் ரோஸ் பொடி நசுங்கியிருந்தது. அக்கா தடிமனாக விட்டிருந்த கோட்டின் வலைப்பக்க விளிம்பு மட்டும் கலையாமல் நேராக இருந்தது.

"முழுசாத் தாண்டல. கோல் இல்ல."

பூஜ்யத்துக்குப் பூஜ்யம். நாங்கள் கோப்பை வென்றதுபோலக் கத்தினோம். அக்கா கரண்டியால் கோல் கம்பத்தைத் தட்டினார். மறுநாள் அவருக்கு ஒரு மூட்டை அரிசி மாவு வாங்கிக் கொடுத்தேன். இப்போது ஸ்டோர் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

கீப்பர் நெஞ்சிலிருந்து முட்டி வரை ரோஸாக நின்றான். அவன் அப்பா தோள்துண்டால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"என்ன சார், ஜொகூர்லேர்ந்து இவ்ளோ தூரம் வந்தேன். ஒரு கோல்கூடப் பாக்க விடலயே, இந்தப் பய."

முகம் எப்போதோ சுத்தமாகிவிட்டது. அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.