ஒரு கையில் அடங்காத நாவல்

எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் புத்தகம் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சட்டம்தான்: கொண்டு வந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். இன்னொருத்தி நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து உரக்கப் படிப்பாள். பிடித்தவர்கள் கை தூக்குவார்கள். தேறிய புத்தகத்தை அவரவர் வாங்கி, அடுத்த கூட்டத்துக்குள் படித்து வருவோம். இந்தச் சட்டம் வந்ததே என்னால்தான். ஆரம்பத்தில் நான் ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்ய வாயெடுத்தால் கடைசியில் யார் சாகிறார்கள் என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவேனாம். எல்லோரும் சேர்ந்து என் வாய்க்குப் பூட்டுப் போட்டார்கள்.

நாங்கள் ஐந்து பெண்கள். செங்கம் ரோட்டுப் பக்கம், வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஒருத்தியின் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். அது பௌர்ணமியாக அமைந்துவிட்டால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடுவோம். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் இந்த ஊரில் யாரும் யார் வீட்டுக்கும் போய்ச் சேர முடியாது.

ஐந்து பேரில் எனக்கு நெருக்கமானவள், கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் வேலையில் இருப்பவள். என்னைவிட வயதில் சின்னவள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமியார். கூட்டத்தை ஆரம்பித்ததே நாங்கள் இருவரும்தான். மற்ற மூவரும் பிறகு வந்தவர்கள்.

அந்த மாதம் புத்தகம் கொண்டுபோவது என் முறை. எனக்கு உயிரான நாவல் ஒன்று உண்டு. முதல் சம்பளத்தில் வாங்கியது, யாருக்கும் இரவல் கொடுக்காதது, தலையணை கனம். அதை மேஜைமேல் வைத்துவிட்டுக் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தேன். என் தோழிதான் எடுத்துப் பிரித்தாள். மழையில் வீடு ஒழுக, ஒருத்தி பாத்திரங்களை இடம் மாற்றி மாற்றி வைக்கும் பக்கம். நிதானமாகப் படித்தாள். முடித்ததும் முதலில் தூக்கிய கையும் அவளுடையதுதான். மற்றவர்களும் தூக்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாடிப்படி இறங்கும்போது சொன்னாள்: "அக்கா, அடுத்த மாசத்துலேருந்து நான் வரலைங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"போன ரெண்டு புக்கும் முடிக்கலை. இதையும் முடிக்க மாட்டேன். படிக்காம வந்து, நீங்க பேசறதைப் பாத்துட்டு, முறுக்கு தின்னுட்டுப் போறது எனக்கே நல்லா இல்ல."

"அப்புறம் எதுக்கு முதல் ஆளா கை தூக்கின?"

"அந்தப் பக்கம் நல்லா இருந்துச்சுக்கா. எனக்கு டைம் கம்மின்னு எல்லாரும் சின்ன புக்காவே படிக்கணுமா?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். "மனசு இருந்தா படிக்கலாம். தினம் போக வர பஸ்ஸுல சும்மாதானே இருக்க?" என்றேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு அவளும் போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை. நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

சில நாள் கழித்து, கீழ்பென்னாத்தூரில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குக் கிளம்பினேன். காலை பஸ். நிற்கத்தான் இடம். பையில் அந்த நாவல் இருந்தது. இவள் செய்யாததை நான் செய்து காட்டுகிறேன் என்று ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் புத்தகத்தைப் பிரித்தேன். நாலு வரி தாண்டுவதற்குள் கட்டைவிரல் வலித்தது. பக்கம் திருப்ப மூக்கைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. டிரைவர் பிரேக் போட்டதும் புத்தகம் நழுவி, உட்கார்ந்திருந்த ஒருவர் மடியில் விழுந்தது.

"பாத்தும்மா, மண்டையில விழுந்திருந்தா நேரா ஆஸ்பத்திரிதான்," என்றார் அவர்.

மீதி வழி முழுவதும் அவளைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். அவள் முடித்த புத்தகங்கள் எல்லாமே ஒல்லி. முடிக்காத இரண்டும் குண்டு. இது எனக்கு ஏன் முன்பே உறைக்கவில்லை? சும்மாதானே இருக்க என்று சொன்ன வாயை அந்த பஸ்ஸிலேயே இறக்கிவிட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

காதுகுத்துச் சாப்பாட்டை முடித்துத் திரும்பியதும் நாவலைத் தரையில் வைத்து, முதுகில் பிளேடைப் போட்டேன். ஆறு துண்டாக அறுத்தேன். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஒவ்வொன்றுக்கும் அட்டை ஒட்டி வாங்கினேன். மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் அவளைப் பிடித்து முதல் துண்டை நீட்டினேன்.

"ஐயோ அக்கா! புத்தகத்தைப் போயி யாராவது அறுப்பாங்களா? அதுவும் உங்க புத்தகத்தையா?"

"நீ இல்லாம அந்த மாடியில எனக்கு என்ன வேலை?" என்றேன்.

அவள் இடக் கையைக் கம்பியைப் பிடிப்பதுபோல உயரத் தூக்கினாள். வலக் கையில் துண்டைப் பிரித்து, கட்டைவிரலாலேயே ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தாள். திரும்பியது. பிறகு பஸ் ஏறினாள்.

ஒன்றை முடித்ததும் அடுத்ததை அதே இடத்தில் வாங்கிக்கொள்வாள். ஐந்தாவதுவரை கொடுத்தேன். கடைசித் துண்டைக் கொடுக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை மாடிக்கு வந்து வாங்கிக்கோ," என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறன்று எல்லோருக்கும் முன்னால் வந்து கையை நீட்டினாள். வாங்கிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் போய் உட்கார்ந்தாள். மற்றவர்கள் வந்ததும் பேச்சை ஆரம்பிக்கப் பார்த்தார்கள். நான் வாயில் விரல் வைத்து அடக்கினேன். நான் அடக்குவதைப் பார்த்து அவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இருந்தாலும் காத்திருந்தார்கள். முறுக்கைக்கூடச் சத்தமில்லாமல் கடித்தார்கள்.

அவள் முடித்துவிட்டுத் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தபடி வந்தாள். அன்றைக்குப் பொழுது சாயும்வரை எங்களைவிட ஜாஸ்தியாகப் பேசியவள் அவள்தான்.

கடைசியாக, அடுத்த மாதப் புத்தகம். அது அவள் முறை. பைக்குள் கைவிட்டு ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி மேஜைமேல் வைத்தாள். என்னுடையதைவிடக் குண்டு. சட்டப்படி வாயைத் திறக்கவில்லை. காகிதம் பிரிக்காத புது பிளேடு ஒன்றை அதன்மேல் வைத்து, என் பக்கமாக நகர்த்தினாள்.