பாரம் யார் பக்கம்?

வெட்டிய தேயிலையின் பச்சை வாடையும் மெஷினின் பெட்ரோல் வாடையும் சட்டையில் ஏறிவிட்டால், எத்தனை முறை துவைத்தாலும் போகாது. பனி விலகாத காலையில் அந்த வாடையோடுதான் நானும் செபஸ்தியானும் மலை ஏறுவோம்...

ரிங்லெட் டவுனுக்கு மேலே ஒரு எஸ்டேட். கொழுந்தைக் கையால் பறித்த காலம் போய், தேயிலை வெட்ட மெஷின் வந்துவிட்டது. ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். ஒன்பது வருடம் நான் ஒரு பக்கம், அவன் மறுபக்கம்.

எங்களுக்குப் பிசிக்ஸ் பைத்தியம் பிடித்தது அவனால்தான். போனில் ஏதோ சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தானாம். அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓடியிருக்கிறது. தமிழ்நாட்டு வாத்தியார் ஒருவர், பின்னால் ஒரு போர்டு, வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று பேச்சு.

மறுநாள் மெஷினைத் தூக்குவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டான்.

"மச்சான், கடல் நீலமா இருக்கறதால வானம் நீலமில்லையாம்! இத்தன வருசமா நம்மள ஏமாத்திட்டானுங்கலா!"

அவன் படித்தது ஃபார்ம் த்ரீ, ஒன்பதாம் வகுப்பு வரைக்கும். நான் அதுகூட இல்லை.

அன்றிலிருந்து பத்து மணி டீ எங்களுக்குப் பள்ளிக்கூடம் ஆனது. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும்தான் லைன் கிடைக்கும். அங்கே போய், போனை ஃபிளாஸ்க்கில் சாய்த்து வைத்து, பிஸ்கட்டை நனைத்தபடி கேட்போம். ஒளியின் வேகம், அணு, கருந்துளை... பாதி புரியாது. புரியாத பாதிக்குத்தான் சண்டை.

மெஷின் ஓடும்போது பேச முடியாது. எஞ்சினை நிறுத்திய அடுத்த நொடி, விட்ட இடத்திலிருந்து தொடங்குவான்.

"அதெப்படிலா, வெளிச்சத்துக்கு வெயிட்டே இல்லன்றாரு, அப்புறம் அது ஏன் வளையுது?"

கங்காணி கடந்து போகும்போது சிரிப்பார். "என்னாடா, ராக்கெட் எப்ப விடப் போறீங்க?"

ஒரு நாள் வாத்தியார் பாரத்தைப் பற்றிப் பேசினார். இரண்டு பேர் ஒரு அலமாரியை அடியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறார்கள். யாருக்குப் பாரம் அதிகம்? மேலே போகிறவருக்கா, கீழே வருபவருக்கா?

"மேல இருக்கறவனுக்குத்தான், அவன்தானே இழுக்கறான்" என்றேன் நான்.

செபஸ்தியான் பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே வருபவருக்குத்தான் என்றார் வாத்தியார். சரிவில் பாரம் அவர் பக்கமாகச் சாய்ந்துவிடுமாம். படம் வரைந்து காட்டினார்.

தினமும் காலையில் மெஷினைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறும்போது நான்தான் முன்னால். அவன் கீழே. எனக்குக் குடலிறக்க ஆப்பரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, "நீ முன்னால போய் வழி பாருலா, எனக்குக் கண்ணு சரியில்ல" என்று சொன்னான். அதற்குப் பிறகு இடம் மாறவே இல்லை.

"உனக்குத் தெரியுமாடா?"

"தூக்கறவனுக்குத் தெரியாதா? இதுக்கு வாத்தியார் வேணுமா?" என்று சிரித்தான்.

மறுநாள் காலையில் சண்டை. "இன்னிக்கு நீ முன்னால போ" என்றேன்.

"வேணாம் மச்சான், எனக்குப் பழகிப்போச்சு."

"அப்ப நான் மெஷின தொட மாட்டேன்."

முனகிக்கொண்டே முன்னால் போனான்.

அன்றுதான் அவன் கால்களைப் பார்த்தேன்... பூட் கயிற்றையே கட்டவில்லை. கட்ட முடியாத அளவுக்கு வீக்கம். பத்து அடிக்கு ஒரு முறை நின்றான். ஒவ்வொரு முறையும் வழி பார்ப்பதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டான். இத்தனை நாளும் நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பாதி வழியில் மெஷினை இறக்கி வைத்தேன். "எத்தன நாளாடா இது?"

"பூட் சின்னதா போச்சுன்னு நெனச்சேன்" என்றான்.

கங்காணியிடம் சொல்லிவிட்டு, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இனிப்பு நீர் வியாதி முற்றி இரண்டு கிட்னியும் போயிருந்தது. வாரம் மூன்று முறை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அவன் மனைவி இறந்து பல வருடம். வீட்டில் பார்க்க ஆள் இல்லை. மகள் மேரி ஈப்போவிலிருந்து கெரெத்தாவை ஓட்டிக்கொண்டு வந்து அழைத்துப் போனாள். ஏறும்போது, "வீடியோவ விட்டுடாத. நான் கேட்பேன்" என்றான்.

கேட்டான். ஆஸ்பத்திரிப் படுக்கையில் நாலு மணி நேரம் மெஷின் ஓடும்போது பார்ப்பானாம். முடிந்ததும் போன் வரும்.

"மச்சான், நர்ஸுக்கு இன்னிக்குக் காந்தம் சொல்லிக் குடுத்தேன். உன்னவிட சீக்கிரம் புரிஞ்சிக்கிச்சு."

குரல் ஒவ்வொரு மாதமும் மெலிந்தது. நானும் ஒவ்வொரு மாதமும் "அடுத்த மாசம் வர்றேன்" என்றேன். ஒரே ஒரு முறைதான் போனேன்.

ஏழாவது மாதம் மேரி கூப்பிட்டாள். "அங்கிள்... அப்பா போயிட்டாரு."

ஈப்போவிலேயே அடக்கம். எல்லாம் முடிந்த பிறகு மேரி அவன் போனை எடுத்து வந்து காட்டினாள். "கடைசியா இதத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாரு. என்னா அங்கிள் இது?"

ஓசையைப் பற்றிய பேச்சு. நாற்பது நிமிட வீடியோ, இருபத்திரண்டாவது நிமிடத்தில் நின்றிருந்தது. அவளுக்கு விளக்கப் பார்த்தேன். பாதியிலேயே விட்டுவிட்டு, வீடியோவின் பெயரை என் போனில் குறித்துக்கொண்டேன்.

இப்போது எஸ்டேட்டில் எங்கள் டிவிஷன் முழுக்க லைன் கிடைக்கிறது. பத்து மணி டீக்கு யாரும் ஓரிடம் தேடிப் போவதில்லை. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு இயர்போன். என்னோடு மெஷின் பிடிக்கும் நேப்பாளத்துக்காரர் நல்ல மனிதர். அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. நான் எதைப் பார்க்கிறேன் என்று அவருக்கும் தெரியாது.

வாத்தியார் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். புதிது வந்தால் பார்க்கிறேன். முன்பெல்லாம் புரியாவிட்டால் மூன்று நாள் அதையே பேசுவோம். இப்போது புரியாவிட்டால் அடுத்ததுக்குப் போய்விடுகிறேன்.

அந்த ஓசை வீடியோவை மட்டும் இரண்டு மூன்று முறை போட்டேன். இருபத்திரண்டாவது நிமிடம் வந்ததும் கை தானாக நிறுத்திவிடுகிறது... மீதியை இன்னும் கேட்கவில்லை.